மயில்கழுத்துக் கோடி

பிறத்தியான் சொன்ன சொல்லுக்காகப் பொறாமைப்பட்டவர்கள் நிறைய பேர் இருப்பார்கள். பிறத்தியான் சொல்லாமல் விட்ட ஒரு சொல்லுக்காக இருபது வருடம் வயிறு எரிந்தவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான். அந்தச் சொல் 'தங்கச்சி'.

ஜவ்வாது மலை மேல் இருக்கிற எங்கள் ஊர்க் கடைத்தெருவில் என்னுடையது எலக்ட்ரிக்கல் கடை. எதிரில் தனசேகரின் ஜவுளிக்கடை. எந்தப் பெண் அவன் கடைப் படியேறினாலும், வயது பதினெட்டோ எண்பதோ, "வாங்க தங்கச்சி, உக்காருங்க தங்கச்சி" என்பான். என் மனைவி மல்லிகா போனால் மட்டும் "வாங்க" என்று நிறுத்திக்கொள்வான். அந்த 'வாங்க'வுக்குப் பிறகு ஒரு சின்ன இடைவெளி விழும். நான் இருபது வருடம் குடியிருந்தது அந்த இடைவெளியில்தான்.

காரணம் ஊருக்கே தெரியும். எனக்கு முன்னால் மல்லிகாவைப் பெண் பார்க்க வந்தவன் தனசேகர். ஜாதகம் ஒத்துவரவில்லை என்று போய்விட்டான். அடுத்து நான் போனேன். என் ஜாதகத்தை யாரும் சரியாகப் பார்க்கவில்லை போலிருக்கிறது. வீட்டில் பஜ்ஜி போடும் நாளிலெல்லாம் மல்லிகா சொல்வாள்: "அவரு ரெண்டு துன்னுட்டு, நல்லா கீதுன்னு வாயத் தொறந்து சொன்னாரு. நீங்க எட்டு துன்னுட்டுத் தண்ணி கேட்டீங்க."

(எட்டு இல்லை. ஆறு. மற்ற இரண்டு என் மாமா தின்றது.)

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கடலூர்ப் பக்கம் ஒரு கடற்கரை ஊரில் என் சகலை கடை வைத்திருக்கிறார். அங்கே ஒரு வருடம் கிறிஸ்துமஸிலிருந்து பொங்கல் வரைக்கும் கடைக்காரர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்தார்கள். உள்ளூர்க் கடையில் எது வாங்கினாலும் ஒரு கூப்பன்; கூப்பன் கணக்குப்படி கடைக்காரர் ஊர்ப் பொதுக் காரியத்துக்கு நன்கொடை தர வேண்டும். கழுத்தில் பாராட்டு மாலையோடு நிற்கும் தன் படத்தையும் கூப்பனையும் சகலை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கூப்பனைவிட மாலை என்னை அதிகம் உறுத்தியது. மறுநாளே எங்கள் கடைக்காரர் சங்கத்தில், வருகிற பொங்கலுக்கு நாமும் செய்யலாம் என்று எழுந்தேன்.

பொதுக் காரியத்துக்கு எங்களிடம் பஞ்சமில்லை. மலைக் கிராமங்களில் பாதிப் பிள்ளைகள் பெங்களூரில் வேலையில் இருக்கிறார்கள். அந்த வருட மழையில் ஒரு பெரியவர் இறந்து, மகன் வந்து சேர ஒன்றரை நாளானது. ஐஸ் கட்டி வாங்க ஆள் மேலும் கீழும் அலைந்ததை ஊரே பார்த்தது. அதனால் ஊருக்குச் சொந்தமாக ஒரு ஃப்ரீசர் பாக்ஸ் என்று முடிவானது. தலைவர் தனசேகர். நான் செயலாளர். (எங்கள் சங்கத்தில் செயலாளர் என்றால் நாற்காலி எடுத்துப் போடுபவர்.)

'ஊசியானாலும் நம்ம ஊரிலேயே' என்ற வாசகம் என்னுடையது. சாமையும் புளியும் விற்ற காசோடு வேலூருக்கு பஸ் ஏறாதீர்கள், இங்கேயே வாங்குங்கள் என்று மைக் பிடித்துப் பேசியதும் நான். பேச்சு சூட்டில், "சங்கத்துக்காரங்க யாராவது வெளியூர்ல ஒரு கைக்குட்டை வாங்கினாலும் இதே மைக்ல மன்னிப்புக் கேக்கணும்" என்று ஒரு விதியும் போட்டேன். கேட்டவர்கள் கை தட்டினார்கள். தனசேகர்தான் அதிகமாகத் தட்டினான்.

கூப்பன் அடிக்க உள்ளூரில் அச்சகம் இல்லை. (கொள்கை அன்றைக்கே கலசப்பாக்கத்துக்கு பஸ் ஏறிவிட்டது.) அச்சகத்தில் சகலை அனுப்பிய கூப்பனைக் காட்டி, "இதே மாதிரி, ஊர்ப் பேரை மட்டும் மாத்திடுங்க" என்றேன். அவர் சொன்னதைச் செய்தார். மலை உச்சியில் இருக்கிற எங்கள் கடைத்தெரு முழுக்க, அலையும் படகும் போட்ட கூப்பன் சுற்றிவந்தது. "படகு எந்தப் பக்கமா வருதுங்க?" என்று தினமும் நாலு பேர் என் கடையில் ஏறிக் கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஆனாலும் ஜனங்கள் வாங்கினார்கள். பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போதே பெட்டிக்கு வேண்டியது சேர்ந்துவிட்டது. மார்கழியில் திறப்பு விழாவா என்று சிலர் இழுத்தார்கள். நல்ல காரியம் செய்யக்கூடாத மாதத்தில் ஃப்ரீசர் பாக்ஸைத் திறப்பதைவிடப் பொருத்தம் ஏது என்று அவர்களை நான்தான் மடக்கினேன். கம்ப்ரஸரைச் சோதித்து வாங்கிவரக் கரண்ட் தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னையே வேலூருக்கு அனுப்பினார்கள்.

போவதற்கு இரண்டு நாள் முன்பு அது நடந்தது. தனசேகர் கடை முகப்பில், பொம்மைக்கு மயில்கழுத்து நிறத்தில் ஒரு பட்டுப்புடவை கட்டியிருந்தான். மல்லிகா நின்றுவிட்டாள்.

"வாங்க" என்றான் தனசேகர். இடைவெளி. "வந்ததுமே நெனச்சேன். உங்களுக்குன்னே நெய்ஞ்ச கலரு மாதிரி கீது."

மல்லிகா என்னைப் பார்த்தாள். "பொங்கலுக்கு எடுக்கட்டுங்களா?"

"இந்தக் கலரு வெளுத்துடும்" என்றேன்.

"மயிலுக்கே வெளுக்கல" என்றாள்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பொங்கலன்று என் மனைவி கோயிலுக்குப் போவாள். அவள் மேல் இருப்பது தனசேகர் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த நிறம் என்று ஊரே பேசும். அவன் கடைப் புடவையை அவள் கட்டிவிடக் கூடாது. ஆனால் அந்த நிறத்தின் மேல் அவளுக்கு ஆசை வந்துவிட்டது. கூடப் பிறந்த ஆண் இல்லாதவள். பொங்கல் சீர் என்று ஒரு துணி வராத வீடு. புடவை என்றால் நான் எடுத்தால்தான் உண்டு. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். பெட்டி வாங்கப் போகிற வேலூரிலேயே அதே நிறத்தில் புடவையும் வாங்கிவிடுவது. கேட்டால், சகலை அனுப்பினார் என்று சொல்லிவிடுவது.

வேலூரில் பெட்டி வாங்கப் பத்து நிமிடம் ஆனது. புடவைக்கு மூன்று மாடி. மூன்றாவது மாடியில், மடி நிறைய மயில்கழுத்தோடு உட்கார்ந்திருக்கும்போது மல்லிகாவிடமிருந்து போன்.

"பொட்டி எடுத்துட்டீங்களா?"

"எடுத்துட்டேன். பார்டர்தான் பாத்துனு கீறேன்."

"பொட்டிக்கு இன்னாங்க பார்டரு?"

"ரப்பர்" என்றேன். "மூடியில சுத்தி வரும்ல, ரப்பர் பார்டர்."

பெட்டியைக் குட்டி யானை வண்டியில் ஏற்றினோம். ஓட்டியது பழனி, எங்கள் ஊர்க்காரர், வெகுளி. புடவை இருந்த பை, ஜவுளிக்கடைப் பெயரை முழ உயரத்தில் போட்ட சிவப்புப் பை. அமிர்தி தாண்டி மலையேறும்வரை அதை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தேன். சாயங்காலம் நாலு மணி. சத்தமில்லாமல் ஊருக்குள் நுழைந்து, முதலில் வீடு, அப்புறம் கடை என்று திட்டம்.

கடைசி வளைவில் மைக்செட் பாட்டுக் கேட்டது. எட்டிப் பார்த்தேன். கடைத்தெரு முனையில் ஷாமியானா. ஐம்பது அறுபது பேர். முன்வரிசையில் மல்லிகா. நடுவில் கையில் மாலையோடு தனசேகர்.

"பழனி, நிறுத்து. கயிறு தளர்ந்த மாதிரி கீது."

"இப்பத்தானேண்ணே கட்டனேன்."

"நிறுத்துய்யா."

என் மூளை, நெருக்கடி வந்தால் முதலில் ஃப்யூஸ் போகிற ரகம். புடவையைப் பையிலிருந்து உருவினேன். சிவப்புப் பையைச் சீட்டுக்கு அடியில் திணித்தேன். பின்னால் ஏறி, பெட்டியைச் சுற்றியிருந்த அட்டையை விலக்கி, மூடியைத் தூக்கி, உள்ளே இருந்த எவர்சில்வர் தட்டுக்கு அடியில் புடவையைச் செருகினேன். பெட்டி எப்படியும் சோதனைக்கு என் கடைக்குத்தான் வரும், அப்போது எடுத்துக்கொள்ளலாம். அந்த ஒரு நிமிடம் என்னை நானே மெச்சிக்கொண்டேன். அன்றைய நாளின் கடைசி நல்ல நிமிடம் அது.

இறங்கியதும் தனசேகர் அந்த மாலையை எனக்குப் போட்டான். மைக்கைக் கையில் கொடுத்தான். நான் இரண்டு வார்த்தை பேசி முடிப்பதற்குள், "செயலாளரே, கரண்ட் கீது. இங்கியே ஓடவுட்டுப் பாத்துடலாம்" என்றான்.

"கடைக்குக் கொண்டுபோய்..."

"ஜனங்க காசுல வாங்கனது. ஜனங்க பாக்கட்டும்."

அட்டையைக் கிழித்தார்கள். மூடியைத் திறந்தார்கள். தனசேகர் குனிந்து தட்டை இழுத்தான். தட்டோடு முந்தானையும் வந்தது. அவன் இழுக்க இழுக்க, சாயங்கால வெயிலில் மயில் மாதிரியே விரிந்தது. மைக்செட்காரர் பாட்டை நிறுத்திவிட்டார்.

"இன்னா செயலாளரே இது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மைக் என் வாயருகில் இருந்தது. பிணத்தை வைக்கிற பெட்டிக்குள்ளிருந்து ஒரு புதுப்புடவை வந்தால் அதற்கு என்ன பெயர் உண்டோ, அது என் வாயிலிருந்து தானாக விழுந்தது.

"கோடி" என்றேன்.

செத்தவர்கள் மேல் போர்த்துகிற புதுத்துணி. கூட்டம் ஒரு கணம் யோசித்தது. முன்னால் நின்ற மலைக்காரர் ஒருவர், "பொட்டியோட கோடியும் குடுக்குற சங்கத்த இப்பத்தான் பாக்கறேன்" என்று கை தட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். அறுபது தாண்டிய பெண்கள் மட்டும் தட்டிக்கொண்டே இரண்டடி பின்னால் போனார்கள். அதில் ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம் கேட்டது எனக்கே கேட்டது: "யாருக்குன்னு பேரு எய்திட்டாங்களா?"

கைத்தட்டலில் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. "முதல்ல போறவங்களுக்கு நம்ம சங்கத்தோட அன்பளிப்பு" என்று நீட்டினேன். மல்லிகா கைதட்டவில்லை. புடவையின் நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது பழனி வந்தார். கையில் அந்தச் சிவப்புப் பை, தலைக்கு மேல், ஊருக்கே தெரிகிற மாதிரி.

"அண்ணே, பைய சீட்டுக்கு அடியிலயே வுட்டுட்டு எறங்கிட்டீங்க. அண்ணிக்குப் புடவை எடுத்தீங்களே, அத்த எங்க வச்சீங்க? அந்தக் கலரத் தேடி மூணு மாடி ஏறி எறங்கனாருங்க பாவம்."

மல்லிகா எழுந்து என்னிடம் வந்தாள்.

"எனக்கு எடுத்ததா?"

"ஆமா."

"எங்கிருந்து?"

"வேலூரு."

"கோடின்னு சொன்னதும் நீங்கதான?"

"ஆமா."

இவ்வளவும் ரகசியமாகத்தான் பேசினோம். மைக் என் கையில் இருந்ததால் மூன்று கிராமத்துக்குக் கேட்டது.

தனசேகர் புடவையின் ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்தான். "இதே கலரு நம்ம கடையில கீதே. அத்த வுட்டுட்டு வேலூருக்கு ஏன் போனீங்க?"

அங்கேதான் என் கடைசி ஃப்யூஸும் போனது. "ஊர்ல இருக்குற பொம்பளைங்க அத்தனை பேரையும் தங்கச்சின்ற. என் பொண்டாட்டிய மட்டும் ஏன்யா வாங்கன்னு நிறுத்திக்கிற?" என்று கேட்டுவிட்டேன். ஒலிபெருக்கி கேட்டது. எதிர் மலையும் ஒருமுறை கேட்டது.

தனசேகர் சிரிக்கவில்லை. காதெல்லாம் சிவந்துவிட்டது.

"பொண்ணு பாக்க வந்துட்டு, வேணாம்னு போனவன் நானு. அடுத்த வாரமே தங்கச்சின்னு கூப்புட வாய் வர்ல. அப்புறம் கூப்புடலாம், அப்புறம் கூப்புடலாம்னு இருவது வருஷம் போயிடுச்சி. எங்கிருந்து ஆரம்பிக்கறதுன்னு தெரில."

பிறகு மல்லிகா பக்கம் திரும்பி, "தங்கச்சி" என்றான். நான் இருபது வருடம் காத்திருந்த சொல். "கடைக்கு வா. பொம்மை மேல கீற புடவை உனக்குத்தான். அண்ணன் வூட்டுப் பொங்கல் சீரு."

மல்லிகாவின் கண் நிறைந்ததைப் பார்த்தேன். நான் எதற்காக வேலூர் போனேனோ, அது என் கண் முன்னால், கழுத்தில் மாலையோடு நான் நிற்கும்போதே கவிழ்ந்துபோனது.

நான் போட்ட விதிப்படி மைக்கில் மன்னிப்புக் கேட்டேன். ரொம்ப நேரம் கேட்டதாகச் சொல்கிறார்கள்.

நாலு வருடம் ஆகிறது. பெட்டி நன்றாக ஓடுகிறது. (வாழ்த்தாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.) ஒவ்வொரு பொங்கலுக்கும் கரும்பு, வாழைத்தார், வெற்றிலைபாக்கு, ஒரு பட்டுப்புடவையோடு தனசேகர் படியேறுவான். "மச்சான், எம் தங்கச்சிய வரச் சொல்லுங்க" என்பான். அந்த 'எம்' என்பதில் கொஞ்சம் அழுத்தம் கொடுக்கிறான் என்று எனக்குப் புது எரிச்சல் ஆரம்பித்திருக்கிறது. போன பொங்கலுக்கு என் பங்குக்கு நான் ஒரு மிக்ஸி கொடுத்தேன். மல்லிகா முதலில் அதைத் திறந்து உள்ளே பார்த்தாள்.

வேலூர்ப் புடவை வீட்டு பீரோவில், அடித்தட்டில், அந்துருண்டையோடு மடித்தபடி இருக்கிறது. கோடி என்று வாயால் சொன்ன துணியை உயிரோடிருக்கும் யாரும் தொட மாட்டார்கள். சங்கமும் வேண்டாம் என்றுவிட்டது. வீட்டுக்கு யார் வந்தாலும் மல்லிகா பீரோவைத் திறந்து இரண்டு தட்டையும் காட்டுவாள்.

"மேல கீறது பொறந்த வூட்டுப் புடவைங்க. வருஷா வருஷம் வருது. கீழ கீறது இவரு எடுத்தது. அத்தக் கட்டறதுக்கு நான் போய்ச் சேரணும்."