எந்தச் சிவப்பு, மாமா?

தான்சென், நேபாளம்,
லட்சுமி பூஜை இரவு.

மதிப்பிற்குரிய தேவ்ராஜ் மாமாவுக்கு,

உபாசனா வணங்கி எழுதுவது. இங்கே அம்மாவும் இரண்டு ஆடுகளும் நலம். நானும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் நேற்று நாய்ப் பூஜையில் நாய்களுக்கெல்லாம் மாலை போட்டுப் பொட்டு வைத்தபோது தெருநாய் காலே என் இடது கையைக் கடித்துவிட்டது. அம்மாவுக்குத் தெரியாது. போன் அவள் தலையணைக்கு அடியில் இருப்பதால் போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். விடிந்ததும் உங்கள் ஊருக்கு வரும் புட்வல் பஸ் டிரைவரிடம் கடிதத்தைக் கொடுத்துவிடுவேன்.

இரண்டு பல்தான் பட்டது. மாலையை இழுத்தபோது அதன் காது மாட்டிக்கொண்டது, தப்பு என்னுடையது. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். அதற்கு முந்தின நாள் நீங்கள் எங்கள் தெரு நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டீர்களே, காலேவுக்கும் போட்டீர்களா? போடவில்லை என்றால் எனக்கு ஊசி, அம்மாவிடம் அடி, காலேவையும் ஊரைவிட்டே துரத்திவிடுவார்கள்.

ஊசி போட்ட நாய்க்கெல்லாம் நெற்றியில் சிவப்புச் சாயம் பூசினீர்கள். "செவப்பப் பாத்தா ஊசி போட்டாச்சுன்னு அர்த்தம், சின்னப் புள்ளகூடக் கண்டுபுடிச்சிரும்" என்றீர்கள். மாமா, நீங்கள் படித்தவர், உங்களுக்குச் சொல்ல எனக்கு வயதில்லை, ஆனால் மறுநாள் ஊரில் உள்ள எல்லா நாய்க்கும் நாங்களே சிவப்புப் பொட்டு வைப்போம் என்பது கால்நடை ஆபீசில் யாருக்குமே நினைவு வரவில்லையா? இப்போது எங்கள் தெருவில் சிவப்பு இல்லாத நாயே கிடையாது. ஒரு பூனைக்குக்கூட யாரோ வைத்திருக்கிறார்கள்.

டீக்கடை ஞானு அக்காவைக் கேட்டேன். "போட்டாங்களே, நாந்தான அதோட காலப் புடிச்சேன்" என்றாள். பக்கத்துக் கறிக்கடை ஹர்க்க அண்ணன் விடவில்லை.

"நீ புடிச்சது அதோட தம்பிய. காலே ஊசியப் பாத்ததும் எங்கடைக்குள்ள வந்து பூந்துகிச்சு."

"உங்கடைக்கு அது ஊசிக்குப் பயந்தா வரும்? எலும்புக்கு வரும்."

"உங்கடைக்கு எதுக்கு வரும்? அந்த டீய நாய்கூடக் குடிக்காது."

அதற்குப் பிறகு காலேவைப் பற்றி யாரும் பேசவில்லை. சாயம் தண்ணீரில் போகாது, குங்குமம் போய்விடும் என்று யோசித்து, காலேவின் நெற்றியைப் பயந்து பயந்து தேய்த்துப் பார்த்தேன். ரோஸ் நிறமாகி அப்படியே நின்றுவிட்டது. அது உங்கள் சிவப்பா, எங்கள் சிவப்பா?

நாளை மறுநாள், சகோதரர்களுக்குப் பொட்டு வைக்கும் நாளில், அம்மா கையால் வைத்துக்கொள்ள வருவீர்கள் அல்லவா, அப்போது இதைப் பற்றிப் பேசிவிடாதீர்கள். அதற்கு முன்பே அதே பஸ்ஸில் பதில் அனுப்புங்கள். மாமிக்கு என் வணக்கம், உங்கள் குட்டிப் பாப்பாவுக்கு முத்தம். நான் பிழைத்திருந்தால் பரீட்சையில் நல்ல மார்க் வாங்க ஆசீர்வதியுங்கள்.

உங்கள் மருமகள்,
உபாசனா

பின்குறிப்பு (மறுநாள் மத்தியானம்): பதில் வேண்டாம். பஸ்ஸுக்குப் போகும் வழியில் சுகாதார நிலையத்து நர்ஸிடம், சிநேகிதிக்காகக் கேட்பதுபோல் கேட்டேன். "நாய்க்குப் போட்டாங்களான்னு எதுக்கு ஆராய்ச்சி? கடிபட்டவதான் வந்து போட்டுக்கணும். எங்க, சிநேகிதி கையக் காட்டு" என்றாள். வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அடிக்கவில்லை. பாவாடையைத் தூக்கிக் கணுக்காலைக் காட்டினாள். அங்கேயும் இரண்டு பல். காலேவுக்குப் பண்டிகைப் பலகாரமான செல் ரொட்டி கொடுக்கத் தாமதமாகிவிட்டதாம். "ஊசின்னா எனக்கு ஆகாதுடி, அதான் சொல்லல. உன் மாமாவுக்கு எழுதிராத, சிரிப்பான்" என்றாள். காலேவைப் பத்து நாள் கட்டிவைத்துக் கவனிக்க நர்ஸ் சொன்னதால் எங்கள் வாசலில் கட்டியிருக்கிறோம். எங்கள் இருவருக்கும் முதல் ஊசி ஆகிவிட்டது. எனக்கு வலிக்கவில்லை. அம்மா அழுத சத்தத்தில், தடுப்பூசிக்கு வரிசையில் நின்ற குழந்தைகள் எல்லாம் வீட்டுக்கு ஓடிவிட்டன.