போன் யார் கையில் இருந்தது?

தியாகதுருகம்,
செவ்வாய்க்கிழமை.

அன்புத் தம்பி சவரிமுத்துவுக்கு,

அக்கா பவுலின் எழுதுவது. இங்கு நானும் உன் மாமாவும் நலம், காரின் முன்பக்கம் நீங்கலாக. நீயும் உபகாரமேரியும் வெள்ளிமலையில் புது வீட்டில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஒருவர் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்று நன்றாகத் தெரிந்த பிறகும், எங்கே வருகிறீர்கள் என்று அவரையே கூப்பிட்டு ஏன் கேட்கிறோம்? கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறேன். மனிதர்கள் ஏதோ ஒரு காரணத்தோடுதான் நடந்துகொள்கிறார்கள் என்று ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். ஆனால் இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இதைப் போனில் கேட்டிருக்கலாமே என்பாய். கூப்பிட்டால் நீ மலைச் சாலையில் பைக்கில் போய்க்கொண்டே எடுப்பாய். கடிதத்தை அப்படி வாசிக்க முடியாது என்று நினைக்கிறேன்; நிச்சயமாகத் தெரியாது.

சாமியார் வந்து உன் புது வீட்டை ஆசீர்வதிக்கும் மந்திரிப்புக்கு நாங்கள் கிளம்பிய அன்று நடந்ததில் உன் பங்கு உனக்குச் சரியாகத் தெரியாது, அதனால் வரிசையாகச் சொல்கிறேன். கள்ளக்குறிச்சியைத் தாண்டுவதற்குள் நீ கூப்பிட்டாய், "மாமா, எங்க வந்துகினு இருக்கீங்க?" என்றாய், அவர் சொன்னார், கச்சிராயபாளையத்தில் மறுபடி கூப்பிட்டாய், அவர் மறுபடி சொன்னார், எடுக்காதீர்கள் என்று நான் சொன்னதற்கு, "எடுக்கலன்னா கோச்சிக்குவான், மாப்பிள்ளை முறுக்குன்னு பேசுவாங்க" என்றார், பிறகு மலை ஏறத் தொடங்கியதும் சிக்னல் போய் நிம்மதியான அமைதி வந்தது, சிக்னல் எங்கே திரும்பக் கிடைக்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும், அந்தப் பலாப்பழக் கடை வளைவில், அங்கே வந்ததும் போன் அடித்தது. "தோ, பலாப்பழக் கடைகிட்ட வந்துட்டேன்டா, தோ இங்கதான்" என்றவர் ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு மறுகையால் கடையைக் காட்டினார். யாருக்குக் காட்டினார் என்று கேட்காதே, உனக்குத்தான். ஸ்டீரிங்கை யாரும் பிடித்திருக்கவில்லை. வளைவு திரும்பியது, கார் திரும்பவில்லை.

கடைக்கார ராஜாம்பாள் அப்போதுதான் தண்ணீர் பிடிக்க எழுந்து போயிருந்தாள். அவள் உட்காரும் பிளாஸ்டிக் ஸ்டூல் முன்சக்கரத்தின் கீழே தட்டையாகக் கிடந்தது. இதை நான் வேடிக்கையாக எழுதவில்லை. ஓடி வந்தவள் முதலில் ஸ்டூலைப் பார்த்தாள், பிறகு உன் மாமாவைப் பார்த்தாள், பேச வாயெடுத்த நேரத்தில் பிரேக்கின் அடியில் விழுந்து கிடந்த போனிலிருந்து, "மாமா, எங்க இருக்கீங்க? மாமா!" என்று நீ கத்தினாய். அவள் குனிந்து, "உங்க மாமா என் பலாப்பழத்து மேல இருக்காரு, வந்து இட்டுகினு போ!" என்றாள். எங்களுக்குப் பின்னாலேயே வந்து நின்ற போலீஸ் ஜீப்பில் இருந்தவர் காதிலும் இது விழுந்தது.

போனைக் கையில் பிடித்து ஓட்டுவதை ஆபத்தான ஓட்டுதல் என்றே மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. 184ஆம் பிரிவு, வாசித்துப் பார்த்தேன். அபராதத்தோடும் போகலாம், சிறைக்கும் போகலாம். அது நீதிமன்றத்துக்கு. ஓட்டுநர் உரிமத்தை மூன்று மாதம் நிறுத்தி வைப்பது தனி. அதற்குத்தான் நாளை கள்ளக்குறிச்சி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரணை. உன் மாமா கால்நடை ஆய்வாளர். அடுத்த வாரம் மலை ஊர்களில் கோமாரி ஊசி தொடங்குகிறது. உரிமம் போனால் ஊசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் வருமா என்று அவர் நிற்க வேண்டும். அவர் பயப்படுவது நியாயம்தான்.

போன் அடித்துக்கொண்டிருந்ததை எல்லோரும் கேட்டார்கள். அது யார் கையில் இருந்தது என்பதைப் பார்த்தவள் நான் ஒருத்தி. அதனால்தான் நீ நேற்று போனில் கூப்பிட்டு, "அக்கா, நீதான் மாமா காதுல போன வெச்சி புடிச்சிகினு இருந்தன்னு சொல்லிடு, அவரு கை ரெண்டும் ஸ்டீரிங்ல" என்றாய். "இது பொய்யில்ல அண்ணி, ஒத்தாசை" என்றாள் உபகாரமேரி. உன் மாமா நேரடியாகக் கேட்கவில்லை. சாப்பிடும்போது, "ஒரே ஒரு வரிதான் பவுலின்" என்றார். சாம்பாரைப் பார்த்தபடி சொன்னார்.

சவரிமுத்து, நான் சொல்ல மாட்டேன். அந்த ஸ்டூலில் ஆள் இருந்திருந்தால் ஒரே ஒரு வரி என்று யாரும் கேட்டிருக்க முடியாது. மூன்று மாதம் அவர் நடக்கட்டும். நாளை என்னைக் கேட்டால் பார்த்ததைப் பார்த்தபடி சொல்வேன். இதில் எனக்கு எந்தத் தடுமாற்றமும் இல்லை. இனி யார் பயணம் கிளம்பினாலும், வந்து சேரும்போது வரட்டும் என்று இருக்கப் பழகு.

உன் வீட்டில் சமாதானம் குடியிருக்கட்டும். உபகாரமேரிக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உன் அக்கா,
பவுலின்.

பி.கு.: மேலே உள்ளதை நேற்று எழுதினேன். தபாலில் சேர்க்கும் முன் இன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன். அதிகாரி நல்ல மாதிரி. "போன் யார் கைல இருந்தது?" என்று பொதுவாகக் கேட்டார். உன் மாமா சட்டைப் பையிலிருந்து உரிமத்தை எடுத்து, மேசைமேல் வைத்து, அது நேராக இருக்கிறதா என்று விரலால் சரிசெய்தார். நான் அடுத்துச் சொன்னதற்கு இதைத் தவிர வேறு காரணம் எதுவும் என்னால் சொல்ல முடியவில்லை. "என் கையில்" என்றேன். அதே நேரத்தில் அவரும், "என் கைல சார்" என்றார்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "வூட்லயே பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கக் கூடாதா?"

"அவங்க சொல்றது பொய் சார்," என்றார் உன் மாமா. "கல்யாணம் ஆனதுலேர்ந்து இன்னிக்குத்தான் மொத தடவை சொல்றாங்க. அதான் சரியா வரல."

மூன்று மாதம் நிறுத்திவிட்டார்கள். பஸ்ஸில் திரும்பினோம். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "எப்படியும் நீ உண்மையத்தான் சொல்லுவ. உன் வாயால வர்றதுக்கு முன்ன நானே சொல்லிடலாம்னு பாத்தேன்" என்றார். பிறகு, "நீ ஏன் அப்படிச் சொன்ன?" என்று கேட்டார். நடத்துநர் வந்தார். இரண்டு தியாகதுருகம் என்றேன்.