செனட்டுக்குப் போகும் வழியில் ஒரு நீரூற்று

"தண்ணி வரல, மேயரய்யா," என்றாள் செயலாளர் வியோரிகா.

"கண்ணு தெரியலையா உனக்கு? ஜன்னல் வழியா எட்டிப் பாரு. எவ்ளோ உசரம் போகுது!"

"நீரூத்துல வருது. ஊருக்குள்ள வரல."

ரிப்பன் வெட்டிய கத்தரிக்கோல் இன்னும் மேயர் ரேமுஸ் கிர்லானின் கையில்தான் இருந்தது. நகராட்சிக்கு எதிரே, அரை மணி நேரத்துக்கு முன்னால் அவர் திறந்து வைத்த நீரூற்று நாலு ஆள் உயரத்துக்குச் சீறிக்கொண்டிருந்தது. அதற்குப் பாட்டு வேறு பாடத் தெரியும். அது தண்ணீர் குடித்த வேகத்தில் மெரிஷோரா ஊரின் அத்தனை குழாய்களும் காற்றுதான் விட்டன.

"நிறுத்திடச் சொல்லட்டுமா?"

"நிறுத்தறதாவது! கட்சியோட மாவட்டத் தலைவருக்கு இதைத்தானே படம் புடிச்சுக் காட்டணும்!"

மனிதரின் கவலையும் நியாயமானதுதான். இருபது வருஷமாக, தொடர்ந்து ஐந்து முறை, அவர்தான் மேயர். இந்த இலையுதிர் காலத் தேர்தலில்தான் கட்சி அவரைச் செனட்டுக்கு நிறுத்தியிருந்தது. தலைநகர் புக்காரெஸ்டில் ஒரு நாற்காலி! ஆனால் மாவட்டத் தலைவர் ஸவோயானு கறாராகச் சொல்லிவிட்டார்: "சுத்துப்பட்டு ஊரெல்லாம் எதிர்க்கட்சிக்காரன் கையில. உன் சொந்த ஊர்ல நூத்துக்கு எண்பது விழுந்தா செனட். இல்லன்னா அம்போதான்."

"வீட்டுக்கு ஒண்ணு குடுக்க வாளி வாங்கி வெச்சிருக்கோமே, என் படம் போட்டது, அதை இப்பவே குடுத்துடு," என்றார் மேயர். "ஜனங்க நீரூத்துலேர்ந்து மொண்டுக்கட்டும்."

"ஐயா, அந்தத் தண்ணியில..."

"சொன்னதைச் செய்யம்மா!"

வியோரிகா செய்தாள். சொல்ல விட்டிருந்தால் சொல்லியிருப்பாள், டி.வி.யில் எடுப்பாகத் தெரியட்டும் என்று மேயரே அன்று காலையில் நீரூற்றுத் தொட்டியில் நீலச் சாயம் கொட்டச் சொன்னதை.

மறுநாள் மெரிஷோராவில் சோளக்களி நீலம். முட்டைக்கோஸ் சுருள் நீலம். முகம் கழுவிய பாதிரியாரின் வெள்ளைத் தாடியும் நீலம். "விஷமில்ல, பயப்படாதீங்க. ஆனா லேசுல போகாது," என்றார் டாக்டர். சொன்ன அவர் பல்லும் அப்படித்தான் இருந்தது.

கசாப்புக் கடைக்காரர் கவ்ரிலா நகராட்சி வாசலில் வந்து நின்றதும் மேயர் திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்தார். தொப்பை மட்டும் ஒளியவில்லை. கவ்ரிலா நேரே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மேயரய்யா, நீங்க செனட்டுக்குப் போயே தீரணும்! என் வீட்டுல ஏழு ஓட்டு. ஏழும் உங்களுக்குத்தான்!"

சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. நாக்கு நீலம்.

மேயருக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்குப் போய் மனைவி ஸ்தெலுத்சாவிடம் சொன்னார்.

"இந்தா மனுஷா, அவன் உன்னைக் கிண்டல் பண்றான். முதல்ல குழாயைச் சரி பண்ணு."

சரி பண்ணினார். நீரூற்றுக்குத் தனிக் குழாய் போட்டால் ஊருக்குத் தண்ணீர் வந்துவிடுமே என்று, மண் தோண்டும் இயந்திரத்தை வரவழைத்துக் கடைத்தெருவை நடுவில் பிளந்தார். தண்ணீரும் வந்தது. ஆனால் மண்ணோடு மண்ணாக டி.வி. கேபிளும் அறுந்து வந்தது. அன்றைக்கென்று பார்த்து ஹங்கேரியோடு கால்பந்துப் போட்டி! ருமேனியாக்காரனை ஒரு வாரம் பட்டினி போடலாம். ஹங்கேரியோடு ஆடும் ஆட்டத்தைப் பார்க்காமல் தடுக்கக் கூடாது.

"பக்கத்து நகரத்துலேர்ந்து பெரிய திரை கொண்டு வா! சதுக்கத்துல போடு! ஊரே சேர்ந்து பாக்கட்டும்!"

"நீரூத்துக்குப் பக்கத்துலயா, ஐயா?"

"பின்ன? தலைவருக்குப் படம் எடுத்து அனுப்பணுமே!"

ஊரே திரண்டது. கடைசி நிமிடம், நம்மாட்களுக்கு ஒரு பெனால்டி. ஆட்டக்காரன் பந்தை வைத்து நாலடி பின்னால் போனான். அப்போதுதானா காற்று திசை மாற வேண்டும்! நீரூற்றின் தண்ணீர் அப்படியே சாய்ந்து திரையின் மேல் கொட்டியது. படார் என்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை, பிறகு கும்மிருட்டு. அக்டோபர் குளிரில் ஆயிரம் பேர் தொப்பலாக நனைந்து நின்றார்கள்.

'செத்தேன்' என்று நினைத்தார் மேயர். அடி எந்தப் பக்கத்திலிருந்து முதலில் விழும் என்றுதான் பார்த்தார்.

கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள். இன்னொருவர் சேர்ந்துகொண்டார். அப்புறம் சதுக்கமே பல் தந்தியடிக்கக் கத்தியது: "செ-னட்! செ-னட்!"

"மெய்யாவே கிண்டல்தான் பண்றாங்க," என்று அவர் அன்றிரவு ஸ்தெலுத்சாவின் தோளில் சாய்ந்து அழுதார். "பத்து ஓட்டுகூடத் தேறாதுடி."

தேர்தலன்று போர்வைக்குள்ளிருந்து அவர் வெளியே வரவில்லை. வியோரிகாதான் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். விடியுமுன்பே வாக்குச்சாவடியில் வரிசையாம். படுக்கையில் கிடந்தவர்களைக் குதிரை வண்டியில் கொண்டுவந்தார்களாம். இத்தாலியில் கொத்து வேலை பார்க்கும் தனாசே, ஓட்டுப் போடுவதற்கென்றே பஸ் பிடித்து வந்துவிட்டானாம். மேயர் போர்வையை இன்னும் இழுத்து மூடிக்கொண்டார்.

மறுநாள் காலை ஸவோயானுவே கூப்பிட்டார். "யோவ் செனட்டர்! நூத்துக்குத் தொண்ணூத்தேழுய்யா! என்ன மருந்து வெச்ச உன் ஊருக்கு?"

மேயர் விம்மி விம்மி அழுதார். நீலக்களி தின்ன வைத்தும், நனைய வைத்தும், இந்த ஜனங்களுக்குத் தன்மேல் இத்தனை பாசமா! மேயருக்குரிய மூவர்ணப் பட்டையை மார்பில் குறுக்காகப் போட்டுக்கொண்டு நகராட்சி மாடிக்கு ஓடினார். கீழே ஊர் முழுக்கக் கூடி ஆடிக்கொண்டிருந்தது. பிளம் சாராயம் கைக்குக் கை மாறியது. அவருடைய பெட்டியைக்கூட யாரோ காரில் ஏற்றிவிட்டிருந்தார்கள்.

"என் மக்களே!" என்றார் அவர், குரல் உடைய. "இப்படிப்பட்ட உங்களை விட்டுட்டு நான் எப்படிப் போவேன்? எனக்குச் செனட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். சாகற வரைக்கும் உங்க மேயராவே இருந்துடறேன்!"

ஆட்டம் நின்றது. தனாசேதான் தலையில் கை வைத்துக்கொண்டு முன்னால் ஓடிவந்தான்.

"ஐயோ மேயரய்யா, அப்படிச் சொல்லிடாதீங்க! அஞ்சு தடவ முட்டியும் உங்களைக் கீழ இறக்க முடியல, மேல ஏத்தியாவது ஊரை விட்டு அனுப்பலாம்னுதானே ரெண்டு நாள் பஸ்ஸுல உக்காந்து வந்தேன்!"