போத்தல் அண்ணையின் பல்கனி

கனடாவின் மொன்ட்ரியாலில் பாதிக் கட்டடங்களின் குழாய்கள் ஒரே ஒரு மனிதருக்குப் பயந்துதான் வெடிக்காமல் இருந்தன என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். நான் சத்தியம் செய்யத் தயார்.

அவருடைய சொந்தப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. போத்தல் அண்ணை, அவ்வளவுதான். போத்தல் என்றால் நம்மூர் பாட்டில். பெயரைக் கேட்டு நான் முதலில் வேறு மாதிரி நினைத்துவிட்டேன். அவரோ பியரைக்கூடத் தொடாதவர். யாழ்ப்பாணத்துக்காரர், குழாய் பொருத்துகிற வேலை. இரண்டாயிரங்களின் நடுவில், டவுன்டவுனில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் நான் பராமரிப்பு உதவியாளனாக இருந்தபோது, மொட்டைமாடியில் புதிய சில்லருக்குக் குழாய் போட வந்தார். கட்டடத்துக்கே குளிர்நீர் அனுப்புகிற ராட்சதப் பெட்டி அது. வெளியே மைனஸ் முப்பதில் மூக்கு உதிரும்போதும் உள்ளே கணினி அறைக்குக் குளிர்நீர் வேண்டுமாம்! குழாயில் வெறும் தண்ணீர் விட்டால் உறைந்து வெடித்துவிடும். அதனால் கிளைகோல் என்ற திரவத்தைக் கலந்து விடுவார்கள்.

வரைபடத்தில் ஒரு குழாய் நடுவில் தாழ்ந்து, வடிகுழாய் இல்லாமல் கிடந்தது. அண்ணை வேலையை நிறுத்தி ஒரு டிரம்மின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார். எஞ்சினியர் பளபளக்கும் ஷூவோடு பனியில் வழுக்கிக்கொண்டு வந்து, பிரெஞ்சில் கால் மணி நேரம் விளக்கினார். அண்ணைக்குத் தெரிந்த பிரெஞ்சு மூன்று சொல். அதில் ‘முடியாது’ என்கிற ‘நோன்’ என்பதை மட்டும் தாராளமாகச் செலவழித்தார். கடைசியில் அங்கே வடிகுழாய் வந்தது.

“தண்ணி நிண்ட இடத்திலதான் உறையும், தம்பி. உறைஞ்சா இரும்பெண்டும் பாராது,” என்றார் என்னிடம்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை வந்து குழாயிலிருந்து ஒரு ஜாம் போத்தல் கலவை பிடித்துப்போவார். நகரின் வடக்கே மொன்ட்ரியால்-நோர் பகுதியில் அவர் வீட்டுப் பல்கனி முழுக்க இப்படிப் போத்தல்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கட்டடத்தின் விலாசம். விடிந்ததும் தேநீரோடு போய், இரவுக் குளிரில் உறைந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் குலுக்கிப் பார்ப்பார். “கலியாணம் கட்டின நாளில இருந்து ஊறுகாய் போட எனக்கொரு போத்தல் மிஞ்சேல்லை,” என்று அவர் மனைவி என்னிடம் முறையிட்டார்.

“கலவையை அளக்கத்தான் மீட்டர் இருக்கே, அண்ணே?”

“மீட்டர் சொல்லும். போத்தல் அனுபவிக்கும்.”

அவர் கலவையில் பிழை இருக்கலாம் என்று வாய் தவறிச் சொன்ன ஒரு மேஸ்திரியோடு ஒரு குளிர்காலம் முழுக்கப் பேசவில்லை.

இனி என் வீரப் பிரதாபம். அந்த ஜனவரியில் எங்கோ கசிந்து குழாயின் அழுத்தம் குறைந்துகொண்டே வந்தது. அழுத்தமானியின் முள் இறங்கினால் மேலாளர் கத்துவார். நான் பக்கத்துத் தண்ணீர்க் குழாயைத் திறந்து முள்ளை ஏற்றிவைத்தேன். தினமும். வெறும் தண்ணீர்.

ஒருநாள் காலை போன் வந்தது.

“தம்பி, உங்கட கட்டடத்துப் போத்தல் கூழாப் போச்சு. தண்ணி விட்டனியோ?”

தினமும் விட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். மறுநாள் மைனஸ் முப்பது என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது. குழாய் வெடித்தால் என் வேலை போகும். வேலையோடு ஒட்டியிருந்த விசாவும் போகும்.

“வாறன். ஒண்டையும் தொடாதை!”

வந்ததும் கசிந்த வால்வைக் கண்டுபிடித்து இறுக்கினார். நீர்த்துப்போன கலவையில் ஒரு பகுதியை வடித்துவிட்டு, கிளைகோலை டிரம் டிரம்மாக ஏற்றி, பம்பைச் சுழலவிட்டார். புருவமெல்லாம் பனி, கை மட்டும் நிற்கவில்லை. மனிதரா இவர் என்று வாய் பிளந்து நின்றேன். மூன்று மணிக்கு, போத்தலுக்கு நேரமில்லாததால், வேண்டாவெறுப்பாக மீட்டரைப் பார்த்துத் தலையசைத்தார். குழாய் பிழைத்தது.

அப்போது மேலாளர் வந்தார். யாருடைய தவறு என்று ஆங்கிலத்தில் கத்தினார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணை குறுக்கே வந்து நின்றார்.

“மை மிஸ்டேக். மிக்சிங், மை மிஸ்டேக்.”

மேலாளர் திட்டித் தீர்த்தார். அண்ணை தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்.

“ஏன் அண்ணே அப்படிச் சொன்னீங்க? தப்பு பண்ணது நான்தானே!”

“எனக்கு இது வெறும் ஏச்சு. உனக்கு பிளேன் டிக்கெட். இனி முள்ளு இறங்கினா எனக்கு போன் அடி, விளங்குதோ?”

லிஃப்டில் இறங்கும்போது அவரைப் பார்த்தேன். முகம் செத்துப்போயிருந்தது. எனக்காக அவ்வளவு பெரிய பொய்யை அதற்கு முன்னும் பின்னும் யாரும் சொன்னதில்லை.