ஒரு நிமிஷம் சாரும் எங்கள் தெருப் பள்ளமும்

நாட்டில் அவர் கருத்துச் சொல்லாத விஷயம் ஏதாவது இருக்கிறதென்றால், அது இன்னும் நடக்கவில்லை என்று அர்த்தம். டிவி விவாதங்களில் காலையில் அவர் பொருளாதார நிபுணர், மாலையில் பாதுகாப்பு ஆய்வாளர், நடுவில் புயல் வந்தால் அதற்கும் அவர்தான். குமணன்சாவடியில் எங்கள் தெருவுக்கு மட்டும் அவர் 'ஒரு நிமிஷம் சார்'. நெறியாளர் பேச்சை வெட்ட வெட்ட, "ஒரு நிமிஷம், முடிச்சிடறேன்" என்று விரலைத் தூக்கிக்கொண்டே மனிதர் மேலும் மேலும் பேசுவார்.

சார் சேனல் சேனலாகப் பேசிக்கொண்டிருந்த நாளில் ஒரு காண்ட்ராக்டர், வடிகாலுக்கென்று எங்கள் தெருமுனையில் பள்ளம் தோண்டி அப்படியே போட்டுவிட்டுப் போனார். ஆட்டோ அந்தோணியின் வண்டி வெளியே வர வழியில்லாமல் தெருவுக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. சவாரி போனால்தான் அவன் வீட்டில் அடுப்பெரியும்.

"ஊருக்கெல்லாம் பேசுறியே சார், நம்ம பள்ளத்துக்கு ஒரு தபா பேசேன். வண்டி உள்ளயே கீது, நான் இன்னாத்த துன்றது?" என்றான் அந்தோணி.

சார், அந்தோணி, நான் மூவரும் காண்ட்ராக்டர் ஆபீசுக்குப் போனோம். அவரோ நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, "உங்கள டிவில பாத்திருக்கேன் சார், சொல்லுங்க" என்று கைகட்டிக் கேட்க உட்கார்ந்துவிட்டார். அதுதான் வினை.

"இந்தப் பள்ளத்த நாம மூணு கோணத்துல பாக்கணும்..." என்று ஆரம்பித்தார் சார். யாரும் வெட்டவில்லை. சார் தடுமாறினார். எதிர்த்துக் கத்த ஆள் தேடி இடப்பக்கம் பார்த்தார். அந்தோணி பவ்யமாக நின்றான். வலப்பக்கம் பார்த்தார், நான். வாய் திறந்து திறந்து மூடியது.

"அவ்ளோதானா சார்?" காண்ட்ராக்டர் எழுந்து பைக் சாவியை எடுத்தார்.

அந்தோணியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எனக்கு என்ன தோன்றியதோ, மேசையைத் தட்டி, "சார்! நேரமில்ல! இடைவேளைக்குப் போகணும்!" என்று கத்தினேன்.

"ஒரு நிமிஷம்!" விரல் எழுந்துவிட்டது. "ஒருத்தன் பொழப்பக் குழியில தள்ளிட்டு..."

அந்தோணிக்கும் பிடிபட்டது. "அத்தெல்லாம் ஒத்துக்க முடியாது நைனா!" என்று மறுபக்கமிருந்து அவன் கத்த, சார் சாமியாடித் தீர்த்தார். காண்ட்ராக்டர் காதைப் பொத்திக்கொண்டு ஆளனுப்பினார். அன்று சாயங்காலமே பள்ளத்தின்மேல் இரும்புத் தகடு விழுந்தது. ஆட்டோ வெளியே வந்தது.

இப்போது சேனல்கள் சாரை அவ்வளவாகக் கூப்பிடுவதில்லை. மாலையில் வாசலில் நாற்காலி போட்டு எங்களுக்குத்தான் உலக நிலவரம் சொல்கிறார். நடுவில் அவர் கொஞ்சம் தடுமாறினால் போதும், சவாரியோடு போகிற அந்தோணி வண்டியை நிறுத்தி, "டைம் ஆயிடுச்சு சார்!" என்று ஒரு கத்துக் கத்துவான்.

சாரின் விரல் மேலே எழுவதைப் பார்த்த பிறகுதான் வண்டியை எடுப்பான்.