டங்கென்று விழுந்த அன்னாசி ஜாம்

மாமனார் வீட்டில் குடியிருக்கும் மனிதனுக்குப் பசி வரலாம், கோபம் வரலாம், காய்ச்சல்கூட வரலாம். ரோஷம் மட்டும் வரக் கூடாது. வந்தால் என்ன ஆகும் என்பதற்கு மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் ஒரு ஊரே சாட்சி சொல்லும். அந்த ஊரில் ஜாம் என்று பேச்செடுத்தால் என் மூஞ்சியைத்தான் காட்டுவார்கள்.

மயிலாடுதுறையில் நான் ஒரு கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். (மூக்குக் கண்ணாடிங்க. மூஞ்சி பாக்குற கண்ணாடி இல்ல.) கல்யாணமான புதிதில் கடைக்கு அட்வான்ஸ் கொடுத்ததோடு கை துடைத்தமாதிரி ஆகிவிட்டது. வாடகைக்கு வீடு பார்க்க வழியில்லை. "கொஞ்ச நாளைக்கு இங்கயே இருங்க மாப்பிள்ளை" என்றார் மாமனார். அந்தக் கொஞ்ச நாள் முடிந்தபோது என் மூத்த மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள்.

மாமனார் ஆசீர்வாதத்துக்கு வயல் இருந்தது, டிராக்டர் இருந்தது, ஊரில் பேர் இருந்தது. எனக்குப் பேர்கூட இல்லை. பெற்றவர்கள் சாலமோன் என்று ஞானத்துக்குப் பேர்போன பேராகப் பார்த்து வைத்திருந்தார்கள். ஊரில் ஒருத்தர் வாயிலும் அது வரவில்லை. டீக்கடையில், பஸ் ஸ்டாப்பில், கோயில் வாசலில், எங்கே போனாலும் நான் 'ஆசீர்வாதம் வீட்டு மாப்பிள்ளை'தான். என் கடைக்கே வந்து, "ஆசீர்வாதம் வீட்டு மாப்பிள்ளை கடை இதுதானே?" என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு.

எங்கள் சபையில் வருஷாவருஷம் சம்பா அறுவடை முடிந்ததும் அறுப்பின் பண்டிகை வரும். அவரவர் விளைச்சலில் முதல் பங்கைக் கோயிலுக்குக் கொண்டுவந்து காணிக்கையாக வைப்பார்கள். நெல்மூட்டை, வாழைத்தார், பூசணிக்காய், கிடா, கோழி எல்லாம் வரும். ஆராதனை முடிந்ததும் பந்தலில் அத்தனையும் ஏலம் போகும். பணம் கோயிலுக்கு. ஏலம் விடுவது என் மச்சான் இம்மானுவேல், அதாவது என் மனைவி கிரேஸின் அண்ணன். அவருக்கு மைக் வேண்டாம். அவர் வயலில் நின்று கூப்பிட்டால் அடுத்த ஊரில் இருப்பவர் "என்னங்க?" என்று கேட்பார்.

முதல் வருஷப் பண்டிகைக்கு நான் மாமனாரின் பூசணிக்காயைச் சுமந்துகொண்டு போனேன். வாசலில் ஒரு பெரியவர், "பூசணிக்கா ஜோரா இருக்கு. மாப்பிள்ளை, நீங்க என்ன கொண்டாந்தீங்க?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் முந்திக்கொண்டார்.

"அவரே நாங்க கொண்டாந்ததுதாங்க!"

பந்தலே சிரித்தது. நானும் சிரித்தேன். (சிரிக்காம? வேற வழி?) ஆனால் கிரேஸ் சிரிக்கவில்லை. வீடு திரும்பும்போது, "அடுத்த வருஷம் நாம தனியா ஏதாவது கொண்டு போவோங்க. நம்ம கையால" என்றாள். எனக்கு நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. சொந்தமாக ஒரு பிடி நெல்கூட விளைவிக்காதவன் என்னத்தைக் கொண்டுபோவது? நான் தென்னந்தோப்புக்குப் பேர்போன பேராவூரணிக்காரன். ஆனால் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். அந்த ஊரிலேயே பிறந்து ஒரு தென்னங்கன்றுகூட இல்லாத பெருமை எங்கள் குடும்பத்துக்கு உண்டு.

அந்த யோசனையிலேயே ஒரு வருஷம் போனது. பண்டிகைக்கு முந்தின வாரம் கடையில் ஈ ஓட்டிக்கொண்டு போனைப் பார்த்தபோது ஒரு வீடியோ கண்ணில் பட்டது. இனிப்பும் காரமுமாக அன்னாசிப்பழ ஜாம். "வீட்டிலேயே எளிதாகச் செய்யலாம்" என்று ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொன்னார். இந்த 'எளிதாக' என்ற சொல்லை நம்பிக் கெட்டவர்கள் நாட்டில் எத்தனை பேரோ தெரியாது. நானும் போய்ச் சேர்ந்தேன்.

சனிக்கிழமை மத்தியானமே கடையை மூடிவிட்டு அன்னாசிப்பழங்களோடு வந்தேன். கொல்லையில் கொய்யா காய்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அது மாமனார் கொய்யா. என் ரோஷம் அதைத் தொட விடவில்லை. பழம், ஜீனி, மிளகாய், எலுமிச்சம்பழம் எல்லாம் என் காசு. (அடுப்பும் கேஸும் மாமனாருதுதான். அத விடுங்க.) கிரேஸ் ஏற்கெனவே பெண்கள் சங்கத்தில் போய், "எங்க வீட்டுக்காரர் தன் கையால ஜாம் செஞ்சு கொண்டார்றாங்க" என்று அறிவித்திருந்தாள். உதவிக்கு வந்தவளை நான் அடுப்படிக்குள் விடவில்லை. தன் கையால் என்றால் தன் கையால்தானே!

முதலில் மிளகாயை வறுத்தேன். அவ்வளவுதான், மாமியார் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடினார். வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து தெருமுனைக்குப் போய்விட்டது. மாமனார் தும்மித் தும்மி, "எவன்டா அவன், வீட்டுக்குள்ள மருந்தடிக்கிறது?" என்று கத்தினார். "நான்தான் மாமா" என்றேன். "சரிங்க மாப்பிள்ளை, அடிங்க" என்று குரலை இறக்கிக்கொண்டு அவரும் வெளியே போனார்.

பழத்தை அரைத்து, ஜீனியைக் கொட்டி, மிளகாயை இடித்துப் போட்டுக் கிண்டினேன். கிண்டக் கிண்டத் தண்ணீராகவே இருந்தது. வீடியோவில் பதம் பார்க்கும் இடம் வந்தபோது நெட் போய்விட்டது. அந்தப் பெண் கரண்டியைத் தூக்கியபடி சிலையாக நின்றார். அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, பாகு எப்பம்மா எறக்கணும்?"

"என்னடா பாகு? அங்க உன்னையா அடுப்படியில விட்டிருக்காங்க?"

பெற்ற தாயிடம்கூட உண்மையைச் சொல்ல விடாமல் அந்தப் பாழாய்ப்போன ரோஷம் குறுக்கே வந்தது. "சேச்சே! கிரேஸ் கடலை உருண்டை பண்றா. கேட்டுச் சொல்லச் சொன்னா" என்றேன்.

"அப்படியா? பாகுல கொஞ்சம் எடுத்துத் தண்ணியில விட்டு உருட்டச் சொல்லு. தட்டுல போட்டா டங்குன்னு சத்தம் கேக்கணும். அதுக்கு முன்னால எறக்கிடக் கூடாது, சொதசொதன்னு போயிடும். பாத்திரத்துல நெய் தடவிக்கச் சொல்லு."

பாகு என்றால் எல்லாம் ஒரே பாகுதான் என்பது என் எண்ணம். தண்ணீரில் விட்டேன், உருட்டினேன், தட்டில் போட்டேன். சத்தமில்லை. இன்னும் கிண்டினேன். மறுபடி போட்டேன். சத்தமில்லை. தோள்பட்டை கழன்றுவிடும்போல ஆனபோது ஒருவழியாக, டங்! அந்தச் சத்தம் கேட்டதும் எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. நெய் தடவிய எவர்சில்வர் டப்பாவில் ஊற்றினேன். நாலு பேர் எடுத்துப் போட்டுக்கொள்ள வசதியாக இருக்கட்டுமே என்று நடுவில் ஒரு ஸ்பூனையும் செருகி வைத்தேன். பார்க்கத் தங்கமாக மின்னியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டப்பாவைத் திறந்து ஸ்பூனைப் பிடித்து இழுத்தேன். டப்பா கூடவே வந்தது. ஆட்டினேன். டப்பாவும் ஆடியது. கட்டை விரலால் ஜாமை அழுத்திப் பார்த்தேன். விரல்தான் வலித்தது.

"கிரேஸ், இதைக் குப்பைக்குழியில போட்டுடறேன்" என்றேன்.

"போடுங்க. போட்டுட்டு, சங்கத்துல நீங்களே போய்ச் சொல்லிடுங்க. எங்க அண்ணன்கிட்டயும் சொல்லிடுங்க."

"கல்லு மாதிரி இருக்குடி!"

"கல்லோ மண்ணோ, நீங்க செஞ்சது. தூக்கிட்டு வாங்க. போன வருஷம் மாதிரி இன்னொரு தடவ என்னால தலையக் குனிஞ்சுக்கிட்டு உக்கார முடியாது." அவள் கண் நிறைந்துவிட்டது. நான் டப்பாவைத் தூக்கிக்கொண்டேன்.

ஆராதனை முடிந்து ஏலம் ஆரம்பித்தது. நெல்மூட்டை போனது, வாழைத்தார் போனது. மச்சான் டப்பாவைத் திறந்தார்.

"அடுத்து நம்ம மாப்பிள்ளை கையால செஞ்ச அன்னாசி ஜாம்!" என்று ஸ்பூனைப் பிடித்துத் தூக்கினார். டப்பாவும் எழுந்தது. டப்பாவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். அப்புறம் மனிதருக்குப் பொங்கி வந்த சந்தோஷம் இருக்கிறதே! "ஏங்க, கைப்பிடி வச்ச ஜாம் பாத்திருக்கீங்களா? பாத்துக்குங்க!" என்று பாஸ்டர் தலைக்கு மேலேயே கவிழ்த்துக் காட்டினார். பாஸ்டர் குனிந்துகொண்டார். ஒரு துளி விழவில்லை.

"டிராக்டருக்கு முட்டுக் குடுக்கலாம்!" என்றது ஒரு குரல். "வாய்க்கா மதகு உடைஞ்சு கெடக்கு, அங்க வைங்க!" என்றது இன்னொன்று. பந்தல் குலுங்கியது. ஏலம் கேட்கத்தான் ஆளில்லை. காணிக்கையாகக் கொண்டுவந்த பொருளை ஒருவரும் கேட்காமல் திருப்பி எடுத்துப் போனதாக அந்தச் சபையில் சரித்திரமே கிடையாது. பூமி பிளக்காதா என்று பார்த்தேன். சம்பா அறுத்த பூமி, நன்றாகத்தான் வெடித்திருந்தது. எனக்கு மட்டும் இடம் கொடுக்கவில்லை.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து கிரேஸ் எழுந்தாள்.

"அண்ணே! வாயில போட்டுப் பாத்துட்டு அப்புறம் சிரிண்ணே!"

"பாத்துட்டாப் போச்சு" என்று மச்சான் டப்பாவை மேஜைமேல் கவிழ்த்து, வாழைத்தார் வெட்டிய அரிவாளைத் திருப்பிப் பிடித்து, டப்பாவின் அடியில் ஒரு போடு போட்டார். டங்கென்று ஸ்பூனோடு முழுசாக விழுந்தது ஜாம். அம்மா சொன்ன நெய் வேலை செய்துவிட்டது. இன்னொரு போட்டில் அது துண்டு துண்டாகத் தெறித்தது. இருந்ததிலேயே பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து மச்சான் வாயில் போட்டுக் கடித்தார்.

"இதுல என்ன பெரிய..." என்றார். அதோடு சரி.

மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டிக்கொண்டன. அவர் தாடையை அசைத்தார், வரவில்லை. கன்னத்தைப் பிடித்து இழுத்தார், வரவில்லை. முதலில் இனிப்பு இறங்கியிருக்கும்போல, முகம் மலர்ந்தது. அடுத்து புளிப்பு, ஒரு கண் மூடியது. அப்புறம் என் மிளகாய் வந்து சேர்ந்தது. காது இரண்டும் சிவந்து, கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர் கொட்டியது. "ம்ம்ம்! ம்ம்ம்!" என்றார். ஊரில் அப்படியொரு நிசப்தத்தை யாரும் கேட்டதில்லை.

"என்ன இம்மானுவேல், பிடிக்கலையா?" என்று பாஸ்டர் பதறினார். மச்சான் வேகமாகத் தலையை ஆட்டி, கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். முன்வரிசையில் இருந்த மேரியம்மா டீச்சர் கும்பிட்டார்: "ஆண்டவரே, ஸ்தோத்திரம்! இது ஜாம் இல்ல, வாய்ப்பூட்டு!"

அடுத்து ஏலம் போகவேண்டிய கிடா கத்திக்கொண்டிருந்தது. "யாராவது நடத்துங்களேன்" என்றார் பாஸ்டர். நான் கிரேஸைப் பார்த்தேன். 'போங்க' என்று கண்ணைக் காட்டினாள். பெஞ்சுமேல் ஏறினேன். எங்கிருந்து வந்ததோ அந்தக் குரல்!

"வாய்ப்பூட்டு ஜாம்! துண்டு துண்டா ஏலம்! யார் வாயப் பூட்டணுமோ யோசிச்சுக் கேளுங்க!"

"எங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணு!" என்று முதல் குரல் பெண்கள் பக்கமிருந்து வந்தது. "எங்க மாமியாருக்கு ஒண்ணு" என்று ஒரு மருமகள் கிசுகிசுத்தாள். கிசுகிசுத்தது மாமியார் காதில் விழ, அவர் எழுந்து அதற்கு மேலே ஏற்றிக் கேட்டு அந்தத் துண்டைத் தானே எடுத்து மருமகளிடம் நீட்டினார். "கமிட்டிக் கூட்டத்துக்கு ஆகும்" என்று பாஸ்டரும் ஒரு துண்டு கேட்டார். கமிட்டிக்காரர்கள் விட்டுக்கொடுப்பார்களா? பாஸ்டருக்கு ஒன்று வேண்டும் என்று அவர்களும் கேட்டார்கள். கடைசித் துண்டுக்கு மச்சானே விரலைக் காட்டிக் காட்டி ஏற்றினார். "ஒரு தரம்! ரெண்டு தரம்! மூணு தரம்!" என்று மேஜையில் தட்டினேன். கூட்டிப் பார்த்தால் கிடாவைத் தூக்கிச் சாப்பிட்டிருந்தது என் ஜாம்.

சாப்பாட்டுப் பந்தியில்தான் மச்சானுக்கு வாய் திறந்தது. நேராக என்னிடம் வந்து தோளில் கை போட்டார். "மாப்ள, இன்னும் கொஞ்சம் காரம் போட்டிருக்கலாம்" என்றார். கிரேஸ் அன்றைக்கு இரண்டு தரம் பாயசம் வாங்கிச் சாப்பிட்டாள். அவள் தலை நிமிர்ந்திருந்ததைப் பார்த்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு ஜில்லாவையே ஜெயித்தமாதிரி இருந்தது எனக்கு.

அதன்பிறகு வருஷம் தவறாமல் வாய்ப்பூட்டு ஜாம் போகிறது. வீட்டில் யாராவது போனை வைக்காமல் பேசிக்கொண்டிருந்தால், "அந்த டப்பாவை எடுங்க" என்பாள் கிரேஸ். துபாயில் இருக்கும் சொந்தக்காரர்கள்கூட மேனேஜருக்கு வேண்டும் என்று சொல்லி வாங்கிப் போகிறார்கள்.

போன வருஷம் எனக்கு ஒரு ஆசை வந்தது. உண்மையான ஜாம் செய்து பார்த்துவிடலாமே என்று வீடியோவை முழுசாகப் பார்த்தேன், பக்குவமாக இறக்கினேன். ரொட்டியில் தடவினால் வழுக்கிக்கொண்டு போகிறது, அவ்வளவு அருமையான பதம். பெருமையாகக் கொண்டுபோய் வைத்தேன். மச்சான் ஸ்பூனைத் தூக்கினார். ஸ்பூன் மட்டும் வந்தது. அதிலிருந்து ஜாம் சொட்டியது. பந்தலில் எல்லாரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

"என்னங்க இது, சாலமோனு?" என்றார் மேரியம்மா டீச்சர், இழவு வீட்டில் விசாரிக்கிற குரலில். "பதம் தப்பிப் போச்சே!"

நான் விளக்கம் சொல்ல எழுந்தேன். அதற்குள் ஆண்கள் பக்கத்திலிருந்து என் மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார்.

"விளைச்சல்னா ஒரு வருஷம் அப்படித்தாங்க இருக்கும்" என்றார் சபையைப் பார்த்து. "எங்க மாப்பிள்ளைக்கு அடுத்த போகம் நல்லா விளையும்."