எட்டடிக்கு ஆறடித் தோட்டம்

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கு அனைவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். 'அனைவரும்' என்ற இடத்தில் கை நின்றுவிட்டது. ஆகையால், நான் நலம். உன் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். உன் அக்காவைப் பற்றிக் கீழே எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

எங்கள் வீட்டுப் பின்வாசலைத் திறந்தால், மூன்று பக்கமும் அடுத்தவர் சுவர், நடுவில் எட்டடிக்கு ஆறடி மண். "இதுல என்னத்த வளர்க்கிறது, துணி காயப்போடவே பத்தாது" என்று நீயே ஒரு தடவை நக்கலடித்தாய். முப்பத்துநான்கு வருடம் ஊரார் நிலத்தை அளந்தவனிடம் சொல்கிற பேச்சா அது? ஓய்வுபெற்ற மறுநாளே அளவு நாடாவும் கையுமாக இறங்கினேன். நிலம் சிறிதாக இருந்தால் என்ன, உட்பிரிவு செய்தால் போயிற்று. தக்காளிக்கு ஒன்று, கீரைக்கு இரண்டு, மிளகாய்க்கு மூன்று என்று எண் கொடுத்து, இடையில் ஒரு சாண் நடைபாதை விட்டு, மூலைக்கு மூலை கல் நட்டு, வரைபடமும் போட்டேன். உன் அக்கா பிடி உடைந்த குக்கரிலும் ஓட்டை வாளியிலும் புதினா வைத்துச் சுவரில் மாட்டினாள். காய்ப்பைப் பார்த்து ஊர்க்கண்ணே பட்டிருக்கும். அத்தோடு சும்மா இருந்திருக்கலாம். கை அரிப்பு யாரை விட்டது? ஒன்றை 1அ, 1ஆ என்று பிரித்தேன். பிறகு 1அ-வை நான்காக்கினேன். பிரிக்கப் பிரிக்க ஒவ்வொன்றுக்கும் நடைபாதை விட வேண்டும், அதுதான் விதி. போன வாரம் மொத்த நடைபாதையையும் கூட்டிப் பார்த்தேன். முக்கால் கிலோமீட்டர் வந்தது. கூட்டலில் பிழை என்று மறுபடி போட்டேன். ஒன்றரை வந்தது. அதற்குமேல் கூட்டவில்லை.

திங்கட்கிழமை காலை அடுப்பில் எண்ணெயை வைத்துவிட்டு, "ரெண்டு மிளகா பறிச்சிட்டு வந்துடறேன்" என்று போனவள் இருபது நிமிடம் கழித்து வந்தாள். வீடெல்லாம் புகை.

"எங்க போய்த் தொலைஞ்ச?"

"மிளகாய்க்குத்தாங்க போனேன். நடந்து நடந்து காலு விட்டுப்போச்சு. ஆனா அந்தப் பக்கம் நல்லா குளுகுளுன்னு இருக்குங்க."

எந்தப் பக்கம்? நாலு எட்டு வைத்தால் சுவரில் மூக்கு இடிக்கும்! செவ்வாய்க்கிழமை காலையில் போனவள் மத்தியானம் சாப்பாட்டுக்குத்தான் திரும்பினாள். எங்கள் மண் கறுப்பு. அவள் செருப்பு முழுக்கச் செம்மண். வியாழக்கிழமை போனவள் இன்னும் வரவில்லை.

கூப்பிட்டால் பதில் மட்டும் வருகிறது. "இதோ வந்துட்டேங்க!" என்கிறாள். மூன்று தெரு தள்ளி நிற்பவளின் குரல் அது. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற டெய்லரிடம் போய், "எங்க வீட்டம்மா உங்க பக்கம் வந்தாங்களா?" என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தைத்துக்கொண்டிருந்த சட்டைக்கு மூன்றாவது கையையும் வைத்துத் தைத்துவிட்டார்.

மச்சான், இத்தனை வருடத்தில் உன் அக்காவை நான் ஒரு வார்த்தை பாராட்டியதில்லை. அவள் இல்லாமல் எனக்கு எந்த டம்ளரில் தண்ணீர் குடிப்பது என்றுகூடத் தெரியவில்லை. பயமாக இருக்கிறது. நாளைக் காலை நானே உள்ளே இறங்கி, நட்ட கல்லையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடுங்கப் போகிறேன். கல் போனால் பாதை போகும், பாதை போனால் அவள் இங்கேதானே நின்றாக வேண்டும்? நீ கிடைத்த வண்டியில் ஏறி வந்து, பின்வாசலில் நின்று எங்கள் இருவரையும் விடாமல் கூப்பிடு.

பெரியவர்களுக்கு வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி. பிரிக்காமல் அப்படியே கொடுக்கவும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: தம்பி, இது அக்கா எழுதுவது. இந்தக் கடிதம் இன்று காலை கீரைப் பாத்தியில் நனைந்து கிடந்தது. நான் எங்கேயும் போகவில்லையடா, வீட்டில்தான் இருக்கிறேன். வியாழக்கிழமை "ஒரு கல்லு சாஞ்சிருக்கு, நிமிர்த்திட்டு வந்துடறேன்" என்று உள்ளே போனவர் உன் அத்தான்தான். முப்பது வருடம் என்னிடம் சொல்லாததைச் சொல்லியிருக்கிறார், அதையும் உனக்குத்தான் எழுதியிருக்கிறார். பின்வாசலில் நின்று, "இங்கதாங்க இருக்கேன், வந்துடுங்க" என்று தொண்டை கட்டுமளவு கத்துகிறேன். "எங்கடி இருக்க? இரு, நான் வரேன்" என்கிறார். ஒவ்வொரு தடவையும் குரல் இன்னும் தள்ளிப் போகிறது. என்னைத் தேடித்தான் போகிறார்.